வருகைப் பதிவேடு

தேனி,
12.6.1978

கர்த்தருக்குள் அன்பான தம்பி சுந்தர்ராஜுக்கு,

அக்கா எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே நானும் அத்தானும் சுகம். இரும்புக் கடையில் வியாபாரம் சுமார்தான். கிருபாவதிக்கு நான்காம் மாதம் என்று நீ எழுதியதிலிருந்து அத்தான் தினமும் ஒரு பெயர் சொல்கிறார். எல்லாமே பையன் பெயர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் கட்டியிருக்கும் புதிய பயணியர் விடுதிக்குத் தோட்டம் போடும் வேலை நமக்குக் கிடைத்துவிட்டது. நமக்கு என்றால், காகிதத்தில் உனக்கு. இந்த வருடத்திலிருந்து தோட்டக்கலைச் சான்றிதழ் உள்ளவர் பெயரில் மட்டுமே வேலை கொடுப்பார்களாம். பதினாறு வருடமாக நான் போட்ட தோட்டங்களையெல்லாம் சொன்னேன். சர்ச் காம்பவுண்டு, டாக்டர் பங்களா, மேலே எஸ்டேட்டில் இரண்டு பங்களா. தோட்டக்கலை ஆபீஸ் கிளார்க் சிரித்துக்கொண்டே, "எல்லாம் பார்த்திருக்கேம்மா, நல்லாத்தான் இருக்கு. காகிதம் எங்க?" என்றார். அதனால்தான் சென்னையில் ஒரு வருடம் படித்து நீ வாங்கிய சான்றிதழின் நகலை வைத்து விண்ணப்பம் போட்டோம். நீ சம்மதித்தது பெரிய உதவி.

இப்போது இன்னொரு விதி. வருகைப் பதிவேடு என்று ஒரு நோட்டு தந்திருக்கிறார்கள். சான்றிதழ் உள்ளவர் மூன்று முறை நேரில் வந்து பார்த்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஒரு முறை, சுவர் முடிந்ததும் ஒரு முறை, செடி வைத்ததும் ஒரு முறை. உன்னால் வர முடியுமா? ஒரு முறையாவது வா.

ஏன் கேட்கிறேன் என்றால், நீ அனுப்பிய வரைபடத்தில் சரிவை மூன்று படியாக வெட்டி நடுவே ஆறடி உயரத்துக்குத் தாங்குசுவர் காட்டியிருக்கிறாய். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நான் போய்த் தோண்டிப் பார்த்தேன். இரண்டடிக்குக் கீழே வழவழவென்று களிமண். மழைக்காலத்தில் மலைத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் இறங்கும். கொத்தனார் மலைச்சாமியும் பார்த்துவிட்டு, "தண்ணி வெளிய போக சுவத்துல வரிசையா ஓட்டை விடணும்க்கா. பின்னாடி சல்லி போடணும்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வரைபடத்தில் அது இல்லை. என்ன செய்யட்டும் என்று உடனே எழுது.

அன்பு அக்கா
சொர்ணலதா

*

கோயம்புத்தூர்,
19.6.1978

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்ததில் மிகவும் சந்தோஷம். கிருபாவிடம் சொன்னேன், அவளும் சந்தோஷப்பட்டாள்.

நான் வருவது நடக்காது. மில் தோட்டம், முதலாளி பங்களாத் தோட்டம் இரண்டுக்கும் நான் ஒருவன்தான் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். நீ பதிவேட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். என்னோடு படித்த ஒருவன் நான்கு ஊர்களில் நான்கு வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஒரு ஊரையும் பார்த்ததில்லை.

ஓட்டை விஷயம். வரைபடம் ஒப்புதலாகி வந்துவிட்டது. இனி ஒரு கோடு மாற்றினாலும் மறுபடி ஒப்புதலுக்குப் போக வேண்டும். மழைக்கு முன்னால் வேலை முடியாது. ஆறடிச் சுவருக்கு அது தேவையும் இல்லை. அடியில் போதுமான அகலம் கொடுத்திருக்கிறேன். பயிற்சியில் இதே அளவில் நாங்கள் கட்டியிருக்கிறோம், இன்றும் நிற்கிறது. மலைச்சாமி நல்ல வேலைக்காரர், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொத்தனார் சொல்வதற்கெல்லாம் வரைபடத்தைத் திருத்தினால் நான் படித்ததற்கு என்ன அர்த்தம் அக்கா? வரைபடத்தில் உள்ளபடியே கட்டச் சொல்.

மேல் படியில் கொன்றை, நடுவில் செம்பருத்தியும் குரோட்டன்ஸும், கீழே அருகம்புல் தரை. செடிகளைப் பெரியகுளத்தில் வாங்கு.

தம்பி
சுந்தர்ராஜ்

*

தேனி,
8.8.1978

தம்பிக்கு,

சுவர் முடிந்துவிட்டது. வரைபடத்தில் உள்ளபடியே. கடைசி வரிசைக் கல் வைக்கும்போது மலைச்சாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி படிச்சவுக, அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நானும் கல் எடுத்துக் கொடுத்தேன்.

பதிவேட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓவர்சியர் ஒவ்வொரு முறை வரும்போதும், "உங்க தம்பி எப்ப வர்றாரு? கோடெல்லாம் பிரமாதமா இழுத்திருக்காரே" என்று கேட்கிறார். நேற்று வெயிலில் நின்று செம்பருத்திக்குக் குழி அளந்துகொண்டிருந்தேன். அப்போதும் அதையே கேட்டார். ஊரில் இல்லாத ஒருவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதைப் பார்த்தால் நானும் ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கோபமாக எழுதவில்லை. ஓய்ச்சலில் எழுதுகிறேன்.

கிருபாவுக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா

*

கோயம்புத்தூர்,
14.8.1978

அன்புள்ள அக்கா,

பதிவேடு வந்தது. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது, செடி வைத்த பிறகு போட வேண்டியது. இன்னொரு தடவை தபால் செலவு எதற்கு என்று செப்டம்பர் 20 என்று இப்போதே போட்டுவிட்டேன். அதற்குள் செடி வைத்துவிடு.

கிருபாவுக்கு வீக்கம் இல்லை. அவசரத்தில் எழுதுகிறேன்.

சுந்தர்ராஜ்

*

தேனி,
1.11.1978

தம்பி,

சுவர் விழுந்துவிட்டது. மலைச்சாமியின் வலது கால் கல்லுக்கு அடியில் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. இதை முதலில் எழுதுகிறேன், நீ மேலே படிக்க வேண்டுமே.

நான்கு நாளாக விடாத மழை. நேற்று செவ்வாய்க்கிழமை காலை கொஞ்சம் வெறித்தது. கீழ்ப் படியில் அரித்துப்போன புல்லை மறுபடி வைக்க நான், மலைச்சாமி, நம் வேலைக்கு வரும் சுப்புத்தாய் மூன்று பேரும் போனோம். பதினொரு மணி இருக்கும். சுவரின் நடுவில் வயிறு தள்ளியது போல இருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். கூப்பிட்டேன். சுப்புத்தாய் ஓடிவிட்டாள். மலைச்சாமி கடப்பாரையை எடுக்கத் திரும்பினார். சுவர் பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. அப்படியே முன்னால் உட்கார்ந்தது. பின்னாலிருந்து சேறு கூழ் மாதிரி வந்தது. அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது.

தேனிப் பக்கம் போகிற ஜீப் ஒன்றை மறித்து அவரை ஏற்றித் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. காலை எடுக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் நினைக்கிறார். உறுதியாகச் சொல்லவில்லை. அத்தான் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்.

ஓவர்சியர் மேலே எழுதிவிட்டார். விசாரணை வரும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சொர்ணலதா

*

கோயம்புத்தூர்,
6.11.1978

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். கிருபாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசியில் அவளுக்கு நாள்.

நிதானமாக யோசித்து எழுதுகிறேன். தயவுசெய்து நிதானமாகப் படி.

சான்றிதழ் ரத்தானால் எனக்கு இந்த வேலை இல்லை. மில் விதி அப்படி. வேலை போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு நாங்கள் எங்கே போவோம்? விசாரணையில் நீ இப்படிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்: தம்பி மூன்று முறையும் வந்து பார்த்தான், ஓட்டை விடச் சொன்னான், நான்தான் அவசரத்தில் விட்டுவிட்டேன். உன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உன்னிடம் சான்றிதழும் இல்லை. உன்னை அவர்கள் என்ன செய்ய முடியும்? உனக்குப் போக என்ன இருக்கிறது அக்கா?

ஜூன் மாதம் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் அடுப்பில் போட்டுவிடு.

மலைச்சாமிக்கு என்னால் ஆனதை அனுப்புகிறேன். நானும் மனிதன்தான்.

சுந்தர்ராஜ்

*

தேனி,
13.11.1978

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். நீ கேட்டபடி.

எனக்குப் போக என்ன இருக்கிறது என்று கேட்டாய். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலைச்சாமியின் மனைவி பவுனு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வருடமாக என்னிடம் வேலை செய்கிறவள். நான் கொண்டுபோன கஞ்சியை வாங்கி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அவுக அன்னைக்கே சொன்னாகளாமே, ஓட்டை விடணும்னு. உங்களுக்கும் தெரியும்னு சொன்னாக. தெரிஞ்சுதான் கட்டச் சொன்னீகளா?"

"வரைபடத்துல இல்ல பவுனு."

"படம் அங்கன கோயமுத்தூர்ல கெடக்கு. மண்ணு இங்கனதான கெடக்கு."

என் வேலையாட்கள் பன்னிரண்டு பேர். நான் ஒரு இடத்தைக் காட்டி, தோண்டு என்றால் ஏன் என்று கேட்காமல் தோண்டுவார்கள். எனக்குப் போக அதுதான் இருந்தது. இனி ஒவ்வொருவரும் குனிவதற்கு முன்னால் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

உன் மேல் மட்டும் பழி போடவில்லை. நீ மண்ணைப் பார்க்காமல் எழுதினாய். நான் பார்த்துவிட்டுக் கட்டினேன். வரைபடத்தை மீறினால் வேலை கையை விட்டுப் போகும் என்று பயந்தேன். இதில் எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணையில் என்ன சொல்வேன் என்று இப்போது உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவும் மாட்டேன்.

கிருபாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அக்கா

*

தேனி,
10.12.1978

தம்பிக்கு,

பெண் குழந்தை பிறந்ததாகக் கிருபாவின் அப்பா கார்டு போட்டிருந்தார். தாயும் பிள்ளையும் நலம் என்று படித்து ஸ்தோத்திரம் செய்தோம். நீ எழுதவில்லை. இருக்கட்டும்.

வியாழக்கிழமை பெரியகுளத்தில் விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் வயதானவர், மதுரையிலிருந்து வந்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் பதிவேட்டைத் திறந்தார்கள். ஓவர்சியர் எழுந்து, "செப்டம்பர் இருபதாம் தேதி காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் அங்கதான் இருந்தேன். இவங்க தம்பியை நான் பார்க்கலையே" என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "வந்தாரா அம்மா?"

நான் வந்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் திறந்தேன். அன்று அங்கே செடி வைத்த எல்லோரும் ஓவர்சியரைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சுப்புத்தாய் என் பொய்க்காக இன்னொரு பொய் சொல்ல வேண்டும். மலைச்சாமியின் கட்டிலுக்கே போய்க் கேட்பார்கள். "வரல சார்" என்றேன். "ஒரு தடவையும் வரல. நோட்டைத் தபால்ல அனுப்பிக் கையெழுத்து வாங்குனது நான்தான்."

"சுவத்துல தண்ணி போக வழி விடணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். தெரிஞ்சும் விடல."

"யார் வேண்டாம்னது?"

இதற்கு மட்டும் நேரான பதில் சொல்லவில்லை. வரைபடத்தில் இல்லை என்று சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மலைச்சாமிக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கால் தப்பித்துவிட்டது. பழையபடி நடப்பாரா என்று மூன்று மாதம் போனால்தான் தெரியும். அவர் வீட்டுச் சாமான் செலவை அத்தான் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய்?

அக்கா

*

கோயம்புத்தூர்,
18.12.1978

சொர்ணலதா அக்காவுக்கு,

தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து மில்லுக்குக் கடிதம் வந்துவிட்டது. மானேஜர் என்னை நிற்க வைத்து வாசித்தார். சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, முடிவு வரும்வரை சாதாரணத் தோட்டக்காரனாக வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை என் கீழே வேலை செய்த அழகர் இன்று எனக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்தான். குவார்ட்டர்ஸ் இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

வரல சார் என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாய். ஞாபகமில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சுந்தர்ராஜ்

*

கோயம்புத்தூர்,
17.2.1979

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். நீயும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய குழந்தைச் சட்டை மட்டும் வந்தது. அதில் ஒரு சீட்டாவது இருக்கும் என்று உதறிப் பார்த்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் நான் ஊருக்கு வந்திருந்தேன்.

மூன்று நாள் லீவு போட்டேன். மாமனார் வீட்டுக்கு என்று மில்லில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தேனியில் அத்தான் கடையைத் தாண்டித்தான் போடி பஸ் போனது. கடை வாசலில் நீ யாரோடோ பேசிக்கொண்டு நின்றாய். நான் இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

விடுதிக்குப் போனேன். விழுந்த கல்லை இன்னும் அள்ளவில்லை. வெட்டுப்பட்ட கரையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். மழை நின்று எவ்வளவு நாளாகிவிட்டது, இன்னும் ஒரு இடத்தில் ஈரம் கசிகிறது. விரலை விட்டால் உள்ளே போகிறது. இந்த இடத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தச் சுவரை அப்படி வரைந்திருக்க மாட்டேன். நாங்கள் பயிற்சியில் கட்டிய சுவர் மணல் பூமியில் இருந்தது. அதை நான் உனக்கு எழுதவில்லை. எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை.

அங்கிருந்து விசாரித்துக்கொண்டு மலைச்சாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று தெரியவில்லை அவருக்கு. "நான்தான் அந்தப் படம் வரைஞ்சவன்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் வாறீகளா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். அதில் கோபம்கூட இல்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தரவில்லை. தராததுதான் சரி.

மறுநாள் பெரியகுளம் போய், விசாரணை செய்த அதிகாரி முகாமுக்கு வரும் நாள் கேட்டுக் காத்திருந்து அவரைப் பார்த்தேன். ஓட்டை வேண்டுமா என்று ஜூன் மாதம் நீ கேட்டு எழுதிய கடிதம் என்னிடம் இருந்தது. என்னுடையதை எரிக்கச் சொன்னவன், உன்னுடையதை ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அதைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொன்னது நான், இடத்தைப் பார்க்காமல் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "உங்க அக்கா இதைச் சொல்லலையே" என்றார்.

என்ன முடிவு வந்தாலும் வரட்டும். கிருபாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். குழந்தைக்குச் சாராள் என்று பெயர். சிரிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

தம்பி

*

தேனி,
20.3.1979

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். நீ விசாரணையில் பொய் சொல்லச் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. வீட்டு வாசல் வரை வந்து பஸ்ஸை விட்டு இறங்காமல் போயிருக்கிறாய். அத்தானிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார், பஸ் இன்னும் அங்கே நிற்பது போல.

உத்தரவு எனக்கும் வந்தது. உன் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு நிறுத்தம், ரத்து இல்லை. நீயாக வந்து எழுதிக் கொடுத்ததால்தான் ரத்து செய்யவில்லை என்று கிளார்க் சொன்னார். எனக்கு, சான்றிதழ் இல்லாமல் எந்த அரசு வேலையும் எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை. மலைச்சாமிக்கு நஷ்ட ஈடு நாம் இரண்டு பேரும் சமமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடுவோம்.

உத்தரவோடு ஒரு நோட்டீசும் வைத்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் தொழில் செய்தவர்கள், படிப்பு இல்லாவிட்டாலும், ஜூன் மாதம் பெரியகுளத்தில் செய்முறைத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். செடிகளின் லத்தீன் பெயர்கள் கேட்பார்களாம். உன் பழைய நோட்டுகளை அனுப்ப முடியுமா? உன் கையெழுத்து எனக்குப் புரியும்.

சாராளுக்கு முத்தங்கள்.

அக்கா

*

தேனி,
9.7.1979

அன்பான தம்பிக்கு,

தேர்வு முடிவு இன்று வந்தது. பாஸ். இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பு போனதற்குக் காரணம் லத்தீன். பத்துப் பெயரில் மூன்றுதான் சொன்னேன். உன் நோட்டில் குறையில்லை, என் நாக்கில்தான்.

பதினான்கு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. பழத்தோட்டத்தில் வைத்து நடத்தினார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்து மட்டம் பார்க்கச் சொன்னார்கள், ரோஜாவுக்கு மொட்டுக் கட்டச் சொன்னார்கள், மாங்கன்றில் ஒட்டுப் போடச் சொன்னார்கள். கம்பத்திலிருந்து வந்த ஒரு ஆள் மொட்டைத் தலைகீழாகக் கட்டிவிட்டு விழித்தார், பாவம்.

பிறகு வாய்மொழிக் கேள்வி. அதிகாரி என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "போடி சுவர், நீங்கதானா?"

"ஆமா சார்."

"அப்ப தாங்குசுவர் பத்தி உங்ககிட்ட நான் கேக்கப் போறதில்ல" என்று அடுத்த தாளைப் புரட்டி, ரோஜா இலைக்கு அடியில் வரும் செஞ்சிலந்தியைப் பற்றிக் கேட்டார். அதற்கு நன்றாகவே சொன்னேன்.

மலைச்சாமி போன மாதத்திலிருந்து வேலைக்கு வருகிறார். சாய்ந்துதான் நடக்கிறார். பவுனு இன்னும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் வேலைக்கு வருகிறாள். இப்போதெல்லாம் நான் ஒரு இடத்தைக் காட்டினால் அவள் முதலில் தானாக ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்து பார்க்கிறாள். பிறகுதான் மண்வெட்டியைத் தொடுகிறாள். எனக்கு அது உறுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் மில் வேலை எப்படி?

அக்கா

*

கோயம்புத்தூர்,
3.8.1979

அன்புள்ள அக்கா,

நீ பாஸான செய்தியைப் படித்துக் கிருபா கைதட்டியதில் சாராளும் தட்டினாள். இரண்டாம் வகுப்பு என்று வருத்தப்படாதே. லத்தீன் தெரிந்த முதல் வகுப்புக்காரனை நீ பார்த்துவிட்டாய்.

எனக்கு வேலை பழகிவிட்டது. கையில் காய்ப்பு விழுந்திருக்கிறது. சூப்பர்வைசராக இருந்தபோது ஒரு குழிக்கு இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டு ஆட்களை விரட்டுவேன். இந்த மண்ணில் நாற்பது நிமிடம் ஆகிறது. அழகரிடம் சொன்னேன். "இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்றான்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. மில்லுக்குப் பின்னால் புது குவார்ட்டர்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே ஒரு மேடு. அதைப் படியாக வெட்டித் தோட்டம் போட வேண்டும். நகராட்சி அனுமதிக்குச் சான்றிதழ் உள்ளவர் கையெழுத்து வேண்டும். என்னுடையது மார்ச் வரை செல்லாது. மானேஜருக்கு எப்படியோ உன் விஷயம் தெரிந்துவிட்டது. "உங்க அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கி அனுப்புப்பா, வேலையை நீயே பாத்துக்க. முடிச்சா உனக்குப் பழைய வேலையைத் திருப்பித் தர்றேன்" என்கிறார். தாளைத் தபாலில் அனுப்பினால் போதுமாம்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இந்த மேட்டுக்குக் கீழேயுள்ள வரிசையில்தான் எங்களுக்கும் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். நீ வேண்டாம் என்று எழுதினால் அப்படியே போய்ச் சொல்லிவிடுவேன். வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன்.

தம்பி
சுந்தர்ராஜ்

*

தேனி,
8.8.1979

அன்பான தம்பிக்கு,

கையெழுத்துப் போடுகிறேன். தபாலில் இல்லை.

வரும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். பழனி வழியாக வந்தால் சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்று அத்தான் சொல்கிறார். மலைச்சாமியும் கூட வருகிறார். நான் கூப்பிடவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "நானும் வந்து ஒரு எட்டுப் பாக்கணும்க்கா" என்றார். அவரால் அதிக தூரம் நடக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டு வா. அவர் தங்கவும் உன் வீட்டிலேயே இடம் செய். கிருபாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

இது முதல் வருகை. இன்னும் இரண்டு முறை வருவேன். உன் மானேஜரிடம் அதையும் சொல். வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

நாங்கள் வருவதற்குள் அந்த மேட்டில் மூன்று இடத்தில் ஆறடிக் குழி தோண்டி வை. தோண்டும்போது ஒவ்வொரு அடியிலும் என்ன மண் வருகிறது என்று நீ பார். ஒரு குழியையாவது நீயே தோண்டு. நான் இறங்கிப் பார்த்து, மலைச்சாமியும் பார்த்து, மூன்று பேரும் ஒரே பேச்சாகச் சரி என்று சொல்லும்வரை அங்கே ஒரு கல்லும் வைக்கக் கூடாது.

சாராள் இனிப்பு சாப்பிடுகிறாளா? அதிரசம் கொண்டு வருகிறேன்.

அக்கா
சொர்ணலதா